பழைய மலைப் படங்களில் வானம் ஏன் வெளுத்துக் கிடக்கிறது?

1860களில் எடுத்த ஆல்ப்ஸ் மலைப் படம் ஒன்றை இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். பாரிஸைச் சேர்ந்த பிசோன் சகோதரர்கள் எடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் பனிதான் கண்ணை நிறைக்கும். அப்புறம், அந்தப் பனிச்சரிவில் எறும்புச் சாரை மாதிரி ஏறிப்போகும் ஆட்கள் தெரிவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். வானத்தில் ஒன்றுமே இல்லை. மேகம் இல்லை, நிறத்தில் ஏற்ற இறக்கம் இல்லை. அச்சடிக்க மறந்த காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்த புதிதில், மேகமில்லாத நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இருபது, முப்பது படம் பார்த்த பிறகும் எதிலும் ஒரு துண்டு மேகம் தென்படாதபோதுதான் சந்தேகம் வந்தது. விடை தேடிப் போனேன். ரசாயனத்தில் தொடங்கிய தேடல் சுமை தூக்கியவர்களின் முதுகு வரைக்கும், கடைசியில் பனியாறுகள் உருகும் நம் காலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அந்த வழியிலேயே உங்களையும் கூட்டிப்போகிறேன்.

நீலம் மட்டுமே தெரிந்த தகடு

புகைப்படத்தின் ஆரம்ப காலத்தில் ஃபிலிம் கிடையாது. வெள்ளி உப்பு பூசிய தகடுதான் படத்தைப் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் அந்த உப்பு மாறும். மாறிய இடத்தை ரசாயனத்தால் வெளிக்கொண்டுவந்தால் உருவம் தெரியும். ஆனால் அந்த உப்புக்கு எல்லா நிறமும் தெரியாது. நீல ஒளியும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும்தான் அதை மாற்றும். பச்சை லேசாகத்தான் பதியும். சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு.

இப்போது ஒரு மலைக் காட்சியை அந்தத் தகட்டின் முன்னால் வையுங்கள். நீல வானம் அதற்குக் கண்கூசும் வெளிச்சம். வெள்ளை மேகமும் கண்கூசும் வெளிச்சம். இரண்டும் ஒரே அளவுக்கு எரிந்துபோகும், வித்தியாசம் தெரியாது. அடிவாரத்துப் பைன் மரங்கள் கரும்பச்சை என்பதால் அட்டைக்கரியாக விழும். உயரம் போகப் போகப் புற ஊதா கூடும் என்பதால் மேலே நிலைமை இன்னும் மோசம்.

பனியின் நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் இந்தக் கலைஞர்களின் திறமை முழுதாகத் தெரிகிறது. வெயில் நேரத்துப் பனியில் விழும் நிழல் சாம்பல் நிறமாக இருக்காது, நீலமாக இருக்கும். வெயில் படாத அந்த இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் வருவதால் அப்படி. நம் கண்ணுக்கு வெயிலும் நிழலும் தெளிவாகப் பிரிந்து தெரியும். நீலத்தை மட்டும் பார்க்கும் தகட்டுக்கோ நிழலும் பளிச்சென்று இருக்கும். மேடு எது, பள்ளம் எது, வெடிப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளைத் துணியாகிவிடும். அப்படியிருந்தும் பிசோன் சகோதரர்களின் படத்தில் பனியின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது என்றால், சூரியன் பக்கவாட்டில் சாய்ந்து அடிக்கும் நேரத்தையும், தகட்டைத் திறந்து வைக்கும் வினாடிகளையும் அவர்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டிருக்க வேண்டும்!

வெறும் வானம் பிடிக்காதவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேகத்தைத் தனியாக இன்னொரு தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மலைக்கு மேலே அதைச் சேர்த்துவிடுவார்கள். வேறு சிலர் நெகட்டிவில், அதாவது வெளிச்சம் கருப்பாகவும் இருட்டு வெளுப்பாகவும் பதிந்த மூலத் தகட்டில், வானப் பகுதி முழுவதையும் மை பூசி அடைத்து, திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீரான வெள்ளையாக்கினார்கள். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் பதியும் என்று கண்டறிந்தார். அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் மலைப் படங்களில் வானத்துக்கு உயிர் வந்தது.

சபிக்கப்பட்ட மலை

கேமரா வருவதற்கு முன்னால் ஆல்ப்ஸ் மலையை ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள்? மலை என்றதும் குன்றுதோறும் கோயில் கொண்ட முருகன் நினைவுக்கு வரும் நமக்கு, ஆல்ப்ஸ் பகுதியின் பழைய கதைகள் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஐரோப்பாவில் பலருக்கு அது கடந்து போக வேண்டிய ஆபத்தாக இருந்ததே தவிர, பார்த்து மகிழும் அழகாக இல்லை. ஆல்ப்ஸின் உச்சமான மோன் பிளாங்கின் பனிமலைகளை, ‘சபிக்கப்பட்ட மலை’ என்ற பொருளில் உள்ளூர்க்காரர்கள் அழைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சிகரம் ஒன்றுக்கு அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது: மோன் மோதி. 1723இல் சூரிச்சைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் ஷாய்ஷ்செர் என்ற பெரிய அறிஞர் தன் ஆல்ப்ஸ் பயண நூலில், அங்கே காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட டிராகன்களைப் பட்டியலிட்டுப் படத்தோடு வெளியிட்டார். அவர் புதைபடிவங்களை ஆராய்ந்த விஞ்ஞானி என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் குளிர் கூடி, பனியாறுகள் வளர்ந்து ஊருக்குள் இறங்கின. மோன் பிளாங்கின் அடிவாரத்துச் சமோனி பள்ளத்தாக்கில் வயல்களையும் வீடுகளையும் பனி நெருக்கியது. 1644இல் ஜெனீவா ஆயர் சார்ல் த சால், ஊர்மக்களோடு பவனியாகப் போய், பனியாறு பின்வாங்க வேண்டும் என்று மந்திரித்துவிட்டு வந்தார். பனியாறு அவர்களுக்கு ஊருக்குள் புகுந்த பகைவன்.

அதே நேரம், மலை அவர்களுக்குச் சோறும் போட்டது. ‘ஆல்ப்’ என்ற சொல்லே அங்குள்ளவர்கள் பேச்சில் சிகரத்தைக் குறிப்பதில்லை. கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேய்க்கும் உயரத்துப் புல்வெளிதான் ஆல்ப். அதற்கு மேலே போனவர்கள் மலையாடு வேட்டையாடுபவர்களும், பாறை இடுக்குகளில் படிகக்கல் தேடுபவர்களும் மட்டும்தான்.

மனம் மாறியது 18ஆம் நூற்றாண்டில். ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொசூர், மோன் பிளாங்கில் ஏற வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760இல் அறிவித்தார். 26 ஆண்டுகள் ஆயின. 1786 ஆகஸ்ட் 8 அன்று உச்சியைத் தொட்டவர்களில் ஒருவர் ஷாக் பால்மா, படிகக்கல் தேடி வயிறு வளர்த்தவர். மற்றவர் சமோனியின் மருத்துவர் பக்கார். அதன் பிறகு கவிஞர்கள் வந்தார்கள், ஓவியர்கள் வந்தார்கள், பணக்கார வாலிபர்கள் வந்தார்கள். விவசாயம் பார்த்த ஊர்க்காரர்கள் வழிகாட்டிகளானார்கள். 1820இல் பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் செத்துப்போக, அடுத்த ஆண்டே சமோனியில் வழிகாட்டிகளுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. அது இன்றும் இயங்குகிறது.

கண்ணாடி மாதிரி ஒரு படம்

1839இல் பாரிஸில் டாகுர் என்பவர் தன் புகைப்பட முறையை வெளியிட்டார். வெள்ளிப் பூச்சிட்ட செப்புத் தகடு, அயோடின் ஆவி, பாதரச ஆவி. கிடைப்பது கையளவு கண்ணாடி போல மின்னும் ஒரே ஒரு படம். பிரதி எடுக்க முடியாது. தகட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் உருவம் தெரியும்.

இதைத் தூக்கிக்கொண்டு 1840களிலேயே சிலர் ஆல்ப்ஸுக்குப் போனார்கள். பிரெஞ்சுக்காரரான ஜிரோ த பிராஞ்சே அவர்களில் ஒருவர். ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849இல் தன் பணியாள் ஜான் ஹாப்ஸின் துணையோடு மேட்டர்ஹார்னைப் படமெடுத்தார். அந்தச் சிகரத்தின் முதல் சூரிய ஓவியம் தன்னுடையதே என்று ரஸ்கின் பின்னாளில் பெருமையோடு எழுதினார். கருவியைக் கையாள்வதில் பெரும்பங்கு ஹாப்ஸுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ரஸ்கினுக்குப் படம் ஏன் தேவைப்பட்டது என்பது சுவையான விஷயம். அதுவரை ஓவியர்கள் மலையை ஊசியாக, சர்க்கரைக் கூம்பாக, நிஜத்தைவிடப் பல மடங்கு செங்குத்தாக வரைந்து தள்ளினார்கள். பயந்த கண்ணுக்கு மலை அப்படித்தான் தெரிந்திருக்கும். மலையின் உண்மையான கோடு எப்படி ஓடுகிறது, பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று ரஸ்கின் ஆசைப்பட்டார். பயமோ பக்தியோ இல்லாத ஒரு கண் அவருக்கு வேண்டியிருந்தது.

ஈரம் காய்வதற்குள்

1851இல் ஆங்கிலேயர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் புது முறை ஒன்றைச் சொன்னார். வெடிபஞ்சை ஈத்தரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அதில் அயோடின் உப்பு கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றி, தோசைக் கல்லில் எண்ணெயைப் பரப்புவதுபோல நாலு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட கேமராவில் போட வேண்டும். படம் எடுத்ததும் மறுபடி இருட்டுக்கு ஓடி, ரசாயனம் ஊற்றி உருவத்தை எழுப்பி, தண்ணீரில் கழுவ வேண்டும். இவ்வளவும் ஈரம் காய்வதற்குள், அதாவது சுமார் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். காய்ந்தால் தகடு வீண்.

டாகுர் முறையைவிட இதில் விவரம் தெளிவு, ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். அதனால்தான் இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் மலைக்குப் போகிறவர் கேமராவோடு இருட்டறையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றாகிவிட்டது.

இன்னொரு விஷயம் விளங்கினால்தான் சுமை ஏன் அவ்வளவு என்று புரியும். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அப்போது நடைமுறையில் கிடையாது. முட்டையின் வெண்கரு பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவை அப்படியே வைத்து வெயிலில் காட்டுவார்கள். நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. சுவரில் மாட்டும் பெரிய படம் வேண்டுமா? அதே அளவு கண்ணாடியை மலை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கண்ணாடியைப் பிடிக்கும் அளவுக்குப் பெரிய கேமராவையும்.

இந்த ஈரக் கூத்தே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ராணுவப் பொறியியல் படித்த எமே சிவியால் என்பவர் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். அதை ஊரிலேயே தயார் செய்து கொண்டுபோகலாம். 1859 முதல் 1868 வரை கோடைதோறும் ஆல்ப்ஸில் சுற்றி 41 அகலக் காட்சிகளும் சுமார் 600 படங்களும் எடுத்தார். பாறைகளின் அமைப்பை ஆராய்வதுதான் அவர் நோக்கம். அவருடைய சாமான்களும் சுமார் 250 கிலோ இருந்தன.

1861, உச்சியில் மூன்று தகடுகள்

பிசோன் சகோதரர்கள் இருவர்: லூயி-ஒகுஸ்த், ஒகுஸ்த்-ரொசாலி. பாரிஸில் பெயர்பெற்ற ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் பேரரசரின் புகைப்படக்காரர்கள். சமோனி இருக்கும் சவோய் பகுதி 1860இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது. பேரரசரும் அரசியும் அந்த ஆண்டே அங்கே போய்ப் பனியாறு பார்த்துவிட்டு வந்தார்கள். மோன் பிளாங் இனி எங்கள் மலை என்று பிரான்ஸ் உலகத்துக்குக் காட்ட விரும்பிய காலம் அது. அப்போதெல்லாம் ஒரு மலையின் படம் அரசியலாகவும் இருந்தது.

மலையேற்றம் தம்பி ரொசாலியின் பொறுப்பு. 1859இலும் 1860இலும் போன முயற்சிகள் வானிலையால் உடைந்தன. 1861 ஜூலையில் மறுபடி கிளம்பினார். ஒகுஸ்த் பால்மா என்ற அனுபவசாலி வழிகாட்டி முன்னே போக, சுமார் 25 சுமையாட்கள் பின்னே. கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டுக் கூடாரம், விளக்கு எல்லாம் அவர்கள் முதுகில். 3,000 மீட்டர் உயரத்தில் கிரான் மியூலே என்ற பாறைத் திட்டில் இரவு தங்கல். பிறகு இருட்டோடு புறப்பாடு.

4,800 மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் காற்றில், கை விறைக்கும் குளிரில், கண்ணாடியில் கொலோடியன் ஊற்றிப் பரப்புவதை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். கை நடுங்கினால் படலம் கோணும். தகடு கழுவத் தண்ணீர் கிடையாது. பனிக்கட்டியை விளக்கில் வைத்து உருக்கித்தான் தண்ணீர். மூன்று நெகட்டிவ்கள் தேறின. மூன்றே மூன்று. அந்தத் தகடுகள் உடையாமல் கீழே வந்து சேர்ந்தன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதே 1861 கோடையில் சமோனியில் இன்னொன்று நடந்தது. 1820இல் பனிச்சரிவில் புதைந்த அந்த மூன்று வழிகாட்டிகளின் எச்சங்கள், பொசோன் பனியாற்றின் அடிவாரத்தில் வெளிவரத் தொடங்கின. பனியாறு நகர்கிறது, சுமார் நாற்பது ஆண்டில் அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும் என்று ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஊரில் அவர்களை அறிந்த முதியவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள்.

பிசோன் ஸ்டுடியோ அதற்குப் பிறகு அதிக நாள் ஓடவில்லை. உள்ளங்கை அளவு மலிவு உருவப்பட அட்டைகள் மேல் பாரிஸுக்கு மோகம் வந்தது. பிரமாண்டமான மலைப் படத்துக்குப் பணம் கொடுக்க ஆள் குறைந்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்துப்போனது.

படத்தில் தெரியும் எறும்புகள் யார்?

பிசோன் படங்களில் சாரையாக நிற்கும் மனிதர்களிடம் திரும்பி வருகிறேன். அவர்களை அங்கே நிறுத்தியதற்கு ஒரு காரணம் அளவு. பனிக்கு அளவு கிடையாது. வெறும் பனிமேட்டைப் படமெடுத்தால் அது பத்தடியா, ஆயிரம் அடியா என்று சொல்ல முடியாது. ஓர் ஆள் நின்றால்தான் தெரியும். நகராமல் நிற்க வேண்டும், ஏனென்றால் தகடு பல வினாடிகள் திறந்திருக்கும். ஆக, ஏறிக்கொண்டிருப்பது போலத் தெரியும் அந்த வரிசை, உண்மையில் சொன்ன இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசை.

படத்தின் கீழே புகைப்படக்காரர் பெயர் இருக்கும், சிகரத்தின் பெயர் இருக்கும். சுமந்தவர்கள் பெயர் இருக்காது. என்னைக் கேட்டால், பழைய மலைப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்த எறும்புகளிடம் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். இமயமலைப் படங்களில் இது இன்னும் கசப்பான கதை. சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863 முதல் 1866 வரை மூன்று பெரும் பயணங்கள் போனார். கூலிகளாகப் பிடித்துவரப்பட்ட மலைக் கிராமத்து ஜனங்கள் பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தான் தடியெடுத்ததையும் அவரே லண்டன் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1866இல் மணிரங் கணவாயில் சுமார் 18,600 அடி உயரத்தில் அவர் எடுத்த படங்கள், அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகிலேயே மிக உயரத்தில் எடுத்த படங்களாக இருந்தன. அழகான படங்கள்தான். ஆனால் அந்தத் தடியை மறந்துவிட்டு அவற்றைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

போர்னிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இமயமலை அவருக்கு ஒரு விதத்தில் ஏமாற்றமாக இருந்தது. ஏரி இல்லை, அடிவாரத்தில் அழகான கிராமம் இல்லை, எல்லாம் அளவுக்கு மீறிப் பெரிசு. படத்துக்கு ஆல்ப்ஸ்தான் தோது என்று நினைத்தார். மலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆல்ப்ஸ் ஓவியங்களும் படங்களும் அவர் கண்ணுக்குள் ஒரு சட்டம் போட்டிருந்தன. 1860களின் இறுதியில் அவர் நீலகிரிக்கும் வந்து ஊட்டியைப் படமெடுத்தார். ஜான் சல்லிவன் 1820களில் வெட்டுவித்த ஏரியும், சுற்றிலும் ஐரோப்பியப் பாணி வீடுகளுமாக அந்த ஊர் ஏற்கெனவே அந்தச் சட்டத்துக்குள் பொருந்த ஆரம்பித்திருந்தது.

போனில் எடுத்தால் மலை ஏன் சின்னதாகத் தெரிகிறது?

நேரில் பார்த்தபோது வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை, போனில் எடுத்த படத்தில் ஒரு சின்ன மேடாகச் சுருங்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 150 ஆண்டுக்கு முன்பும் இதே சிக்கல்தான்.

காரணம் இரண்டு. அகலக் காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் எல்லாவற்றையும் சமமாகச் சுருக்கும். நம் மனமோ சிகரத்தை மட்டும் உற்றுப் பார்த்து அதைப் பெரிதாக்கிக்கொள்ளும். இரண்டாவது, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் மேற்பகுதி பின்னால் சாய்ந்து குறுகிப்போகும். தீர்வு சுலபமாகச் சொல்லிவிடலாம், செய்வது கஷ்டம்: எதிரே இருக்கும் மலையில் பாதிக்கு மேல் ஏறி, சிகரத்தை நேருக்கு நேர் பார்த்து எடுக்க வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர் விட்டோரியோ செல்லா. 1859இல் வடஇத்தாலியின் பியெல்லாவில் பிறந்தார். அப்பா இத்தாலி மொழியில் புகைப்படக் கலை பற்றி முதல் பெரிய நூலை எழுதியவர். சித்தப்பா குயின்டினோ செல்லா இத்தாலிய மலையேற்றச் சங்கத்தை 1863இல் தொடங்கியவர். மலையும் கேமராவும் வீட்டிலேயே கிடந்தன என்று சொல்லலாம்.

செல்லா காலத்தில் ஜெலட்டின் பூசிய உலர் தகடு வந்துவிட்டது. ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற மருத்துவர் 1871இல் சொன்ன யோசனை அது. கூடாரம் வேண்டாம், உச்சியில் ரசாயனம் வேண்டாம், எடுத்துக்கொண்டு வந்து ஊரில் கழுவலாம். ஆனாலும் செல்லா சின்னக் கேமராவுக்கு இறங்கி வரவில்லை. 30க்கு 40 சென்டிமீட்டர் தகடுதான் வேண்டும் என்றார். கேமரா சுமார் 18 கிலோ, தகடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ. 1882 மார்ச்சில், கடும் குளிரில் மேட்டர்ஹார்னைக் கடந்த முதல் மனிதர்களில் ஒருவரானார். அதே ஆண்டு அதன் உச்சியிலிருந்து சுற்றுவட்டம் முழுவதையும் தகடு தகடாக எடுத்து ஒட்டினார். பிறகு காக்கசஸ், அலாஸ்கா, 1899இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி ஒரு பயணம், 1906இல் ஆப்பிரிக்காவின் ருவென்சோரி, 1909இல் கே2.

அவர் எடுத்த கே2 படத்தில் மலை சின்னதாகத் தெரியாது. முகடு முகடாக, வெடிப்பு வெடிப்பாக, ஏறுகிறவன் விரல் வைத்து வழி தேடலாம் போல இருக்கும். பின்னாளில் ஏறப்போனவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் அவற்றைப் பயன்படுத்தினார்கள். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அடக்கம். ரஸ்கின் தேடிய பயமில்லாத கண், ரஸ்கின் நினைத்தே பார்க்காத மலைகளின் முன்னால் செல்லாவிடம் இருந்தது.

பெண்களும் இருந்தார்கள். எலிசபெத் லெ பிளாண்ட் என்ற ஆங்கிலோ-ஐரிஷ் பெண்மணி ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் ஏறி ஏறிப் பனியைப் படமெடுத்தார். பனியைப் படமெடுப்பது எப்படி என்று 1890களில் ஒரு கையேடே எழுதினார். மலையேறும் பெண்களுக்கென்று 1907இல் லண்டனில் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவி அவர்தான்.

வரவேற்பறைக்கு வந்த மலை

பெரிய படம் பணக்காரர்களுக்கு. சாதாரண ஜனங்களிடம் ஆல்ப்ஸை கொண்டுபோய்ச் சேர்த்தது ஸ்டீரியோஸ்கோப். ஒரே காட்சியைச் சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை அட்டையில் ஒட்டி, கண்ணில் வைத்துப் பார்க்கும் பெட்டி. பார்த்தால் ஆழம் தெரியும், பனிவெடிப்பின் விளிம்பில் நிற்பது போலிருக்கும். வில்லியம் இங்கிலாண்ட், அடோல்ஃப் பிரான் போன்றவர்கள் 1860களில் ஆயிரக்கணக்கில் இவற்றை விற்றார்கள். 1863இல் தாமஸ் குக் என்ற ஆங்கிலேயச் சுற்றுலா முகவர் முதல் சுவிட்சர்லாந்து சுற்றுலாவைக் கூட்டிப்போனார். படத்தில் பார்த்த இடத்தில் நின்று, படத்தில் பார்த்த அதே கோணத்தில் பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் வந்தார்கள். ரயில் மலை மேல் ஏறியது. 1912இல் யுங்ஃப்ராவ் கணவாய்க்கே, 3,454 மீட்டர் உயரத்துக்கு, ரயில் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் டிராகன் பட்டியலிட்ட நாடு.

பகைவனாக இருந்த பனியாறு

இந்தப் படங்களைப் பற்றி எடுத்தவர்களே அறியாத ஒன்று இருக்கிறது. ஆல்ப்ஸ் பனியாறுகள் கடைசியாகப் பெருகி நின்றது 1850, 1860களில். கேமரா மலைக்குப் போனதும் அப்போதுதான். பனியாறு உச்சத்தில் இருந்த சமயத்தில், நெகட்டிவும் உச்சத் துல்லியத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பனி இறங்குமுகம்தான். ஆகவே அந்தப் பெரிய கண்ணாடித் தகடுகள் இன்று விஞ்ஞானிகளுக்கு அளவுகோல். பழைய படம் எடுத்த அதே இடத்தைத் தேடிப்போய், அதே கோணத்தில் மறுபடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கனடாவில் நில அளவையாளர்கள் விட்டுச்சென்ற பல்லாயிரம் கண்ணாடித் தகடுகளை வைத்து இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது.

மோன் பிளாங்கிலும் நடந்தது. 1919இல் சுவிஸ் விமானி வால்டர் மிட்டெல்ஹோல்சர் சின்ன விமானத்தில் பறந்து அந்தப் பனியாறுகளை மேலிருந்து எடுத்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2019இல், ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெலிகாப்டரில் போய், பழைய படத்தில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி விழுகின்றன என்று பார்த்துப் பார்த்து, மிட்டெல்ஹோல்சர் பறந்த அதே புள்ளியை வானத்தில் கண்டுபிடித்து எடுத்தார்கள். சிகரம் அப்படியே இருக்கிறது. கீழே, ‘பனிக்கடல்’ என்று பெயர் பெற்ற பனியாறு பள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. கரையில் உள்ள மோன்டன்வேர் ரயில் நிலையத்திலிருந்து ஒரு காலத்தில் கொஞ்சம் இறங்கினாலே பனியில் கால் வைக்கலாம். பனி கீழே போகப் போகப் படிக்கட்டு நீண்டு, நூற்றுக்கணக்கான படிகளானது.

சுவிட்சர்லாந்தின் அலெட்ஷ் பனியாறுதான் ஆல்ப்ஸிலேயே பெரியது. அதன் அருகே ஃபீஷ், ஃபீஷெர்டால் என்று இரண்டு கத்தோலிக்கக் கிராமங்கள் உண்டு. பனியாறு அணைபோல் அடைத்து வைத்த ஏரி உடைத்துக்கொண்டு அந்தக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. பனியாறு வளரக் கூடாது என்று 1678இல் ஊரே நேர்ச்சை செய்துகொண்டது. 1862இல், பிசோன் மோன் பிளாங்கில் ஏறிய மறு ஆண்டு, அதற்கென்று வருடாந்தரப் பவனியும் ஏற்படுத்தினார்கள். பனியாறு பின்வாங்கத் தொடங்கியது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. நேர்ச்சையைத் தாங்களாகவே மாற்றக் கூடாது என்பதால், 2009இல் கிராமத்தார் திருத்தந்தையிடம் அனுமதி கேட்டார்கள். மறு ஆண்டு அனுமதி வந்தது. இப்போது அந்தப் பவனியில் பனியாறு வளர வேண்டும் என்று மன்றாடுகிறார்கள்.